தோல்வி கண்ட இரவும் கையேந்தாத பிள்ளையும்

நம் வாசகியரில் ஒருவர், பெயரும் ஊரும் வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டு, நான்கு பக்கத்தில் கடிதமொன்று எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் பதினொரு வயது. கத்தார் நாட்டில் உலகக் கோப்பைக் கால்பந்தாட்டம் நடந்து கொண்டிருந்த சமயம் அது. மொராக்கோ நாட்டு அணி ஒவ்வொரு சுற்றாக வென்று வர வர, பிள்ளைக்கு அது தன் சொந்த அணியாகவே ஆகிவிட்டது. பிரான்சுடன் அரையிறுதி ஆட்டம் நடந்த புதன்கிழமை பகலில் அவன் நபில் நோன்பு வைத்தான். இஷாவுக்குப் பின் உம்மாவிடம் முறை கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டு ரகஅத் ஹாஜத் தொழுகை தொழுது நெடுநேரம் கையேந்திக் கேட்டான். நம் நாட்டு நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டரைக்கு ஆட்டம் தொடங்கியது. ஐந்தாவது நிமிடத்திலேயே பிரான்சு ஒரு கோல் போட்டது. எழுபத்தொன்பதாவது நிமிடத்தில் இன்னொன்று. மொராக்கோ 2-0 என்று தோற்றது.

பிள்ளை அழவில்லையாம். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான். "அன்றிலிருந்து அவன் தொழுகையை விடவில்லை ஹஜ்ரத். ஆனால் ஸலாம் கொடுத்த பின் துஆவுக்குக் கையேந்துவதில்லை. நாங்கள் எல்லோரும் கையேந்தியிருக்க, இவன் மட்டும் மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக் கொண்டிருக்கிறான். ஒருநாள் வற்புறுத்திக் கேட்டதற்கு, நான் கேட்டு என்ன ஆகப் போகிறது உம்மா என்று சொல்லிவிட்டான்" என்று அந்தத் தாயார் எழுதுகிறார். வாப்பா வெளிநாட்டில் வேலை பார்ப்பவர். தொலைபேசியில் விஷயத்தைக் கேட்டு, "ஒரு பந்து விளையாட்டுக்காகவா?" என்று சிரித்துவிட்டாராம். அதன் பின் பிள்ளை அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். நாமும் முதலில் இரண்டே வரியில் பதில் எழுதினோம். விளையாட்டு வீண் வேலை, அதற்காகத் துக்கப்படுவது முஃமினுக்கு அழகல்ல என்பது அந்தப் பதில். எழுதி முடித்து உறையில் போடும் நேரத்தில், நாம் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஓதிக் கொடுக்கும் ஒரு ஹதீது நினைவுக்கு வந்தது. எழுதியதைக் கிழித்துப் போட்டோம்.

அது ஸஹீஹுல் புகாரியில் அனஸ் (ரலி) அவர்களால் அறிவிக்கப்படுவது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடத்தில் அள்பா என்று பெயருள்ள பெண் ஒட்டகம் ஒன்று இருந்தது. ஓட்டத்தில் அதை வேறெந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமத்து அரபி ஒருவர், இப்போதுதான் சவாரிக்குப் பழகிய இளம் ஒட்டகமொன்றில் வந்தார். அந்த ஒட்டகம் அள்பாவை முந்திவிட்டது. முஸ்லிம்களுக்கு அது மிகவும் வருத்தமாகிவிட்டது. அந்த வருத்தத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டுகொண்டார்கள். உலகப் பொருள் எதுவும் உயர்ந்து நின்றால், பின்னர் அதைத் தாழ்த்தி வைப்பது அல்லாஹ் தன் மீது ஆக்கிக்கொண்ட நியதி என்ற கருத்தை அப்போது அருளினார்கள்.

இந்த ஹதீதை நாம் ஓதிக் கொடுக்கும்போதெல்லாம் கடைசி வாசகத்தை விளக்குவதோடு நின்றுவிடுவோம். உலகத்தின் நிலையாமை, பெருமையின் வீழ்ச்சி என்று பாடம் முடிந்துவிடும். நடுவில் உள்ளதை நாம் கவனித்ததில்லை. ஒரு பந்தயத்தில் தம் பக்கத்து ஒட்டகம் தோற்றதற்காக வருந்தியவர்கள் யார்? ஸஹாபாப் பெருமக்கள்! ஈமானில் அவர்களுக்கு மேலே இந்த உம்மத்தில் எவரும் இல்லை. அவர்களுக்கும் அது நெஞ்சில் தைத்தது. பெருமானார் அவர்களோ அதைப் பார்த்தும் பாராதது போல் போகவில்லை. ஓர் ஒட்டகத்துக்காகவா என்று ஏளனம் செய்ததாக அறிவிப்பில் இல்லை. அள்பாவைக் குறை சொன்னதாகவோ, முந்திய அரபியைச் சிறுமைப்படுத்தியதாகவோ, இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்போம் என்றதாகவோ கூட இல்லை. முகத்தில் உள்ள வருத்தத்தைக் கண்டார்கள், அதற்கு மருந்து சொன்னார்கள்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. மொராக்கோ தோற்ற அந்த இரவு நாம் ஆட்டம் பார்க்கவில்லை. பஜ்ருக்குப் பின் பாடத்துக்கு வந்த மாணவர்களின் முகத்தைப் பார்த்தே முடிவைத் தெரிந்துகொண்டோம். அன்று ஒருவரும் வாய் திறந்து சரியாக ஓதவில்லை. நாம் அதட்டினோம். ஓதிக் கொடுத்த ஹதீதின்படி நடந்துகொள்ள வாய்த்த காலைப் பொழுதை அப்படிக் கழித்துவிட்டோம்.

ஆகவே அம்மையாரே, முதல் விஷயம் இது: உங்கள் பிள்ளையின் வருத்தம் வெட்கப்படக் கூடியதன்று. மொராக்கோ அணி அன்று தோற்றது சாதாரணத் தோல்வியுமன்று. ஆப்பிரிக்காக் கண்டத்திலிருந்தோ அரபு நாடுகளிலிருந்தோ அதற்கு முன் எந்த அணியும் உலகக் கோப்பையில் அரையிறுதி வரை வந்ததில்லை. பெல்ஜியத்தை வென்று, ஸ்பெயினைப் பெனால்டி உதைகளில் வென்று, போர்த்துகலை ஒரு கோலில் வென்று வந்தவர்கள் அவர்கள். அதுவரை நடந்த ஐந்து ஆட்டங்களில் அவர்கள் வலைக்குள் விழுந்தது ஒரே ஒரு கோல். அதுவும் அவர்கள் ஆட்டக்காரர் காலில் பட்டுத் தவறி விழுந்தது. அரையிறுதி தொடங்குவதற்குச் சற்று முன்பு காயத்தால் ஒரு தடுப்பாட்டக்காரர் விலகினார். தலைவர் ஸாயிஸ் இருபத்தொரு நிமிடத்தில் நொண்டிக்கொண்டு வெளியேறினார். அந்த நிலையிலும் அவர்கள் கடைசி வரை போராடினார்கள். இத்தனையும் அறிந்த பிள்ளைக்கு மனம் உடையாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அன்று ஆட்டம் முடிந்ததும் அந்த ஆட்டக்காரர்கள் செய்ததைப் பிள்ளை பார்த்தானா என்று கேளுங்கள். தோல்வியடைந்த அணியினர் தம் ரசிகர்கள் இருந்த பக்கமாகப் போய், புல்தரையில் நெற்றியை வைத்து ஸுஜூது செய்தார்கள். வென்ற நாட்களிலும் அப்படித்தான் செய்தார்கள், தோற்ற நாளிலும் அப்படித்தான். ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்களும் அழுதுகொண்டுதான் இருந்தார்கள். கண்ணீர் ஸபுருக்கு விரோதமல்ல. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் அருமை மைந்தர் இப்ராஹீம் பிரிந்தபோது கண்ணீர் வடித்தார்கள். நாவை மட்டும் ரப்புக்குப் பொருத்தமில்லாத சொல்லிலிருந்து காத்துக்கொண்டார்கள். பிள்ளையை இழந்த துக்கத்தையும் பந்தாட்டத் துக்கத்தையும் நாம் ஒரே தராசில் வைக்கவில்லை. அழலாமா என்ற கேள்விக்கு மட்டுமே இதைச் சொன்னோம்.

இனி பிள்ளையின் உண்மையான கேள்விக்கு வருவோம். கேட்டு என்ன ஆகப் போகிறது என்று கேட்கிறான். கேள்வி விளையாட்டைப் பற்றியதல்ல, அல்லாஹ்வைப் பற்றியது. இதற்குப் பதில் சொல்லாமல் சிரித்துவிட்டால் அந்தக் கேள்வி பிள்ளைக்குள் வளர்ந்துகொண்டே இருக்கும்.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறை மதீனாவில் பனூ முஆவியாக் கூட்டத்தாரின் பள்ளிவாசலில் நுழைந்து இரண்டு ரகஅத் தொழுதார்கள். பின்னர் நெடுநேரம் துஆக் கேட்டார்கள். அதன் பின் தோழர்களிடம், தாம் மூன்று கேட்டதாகவும், அல்லாஹ் இரண்டைத் தந்து ஒன்றைத் தரவில்லை என்றும் அறிவித்தார்கள். பஞ்சத்தால் இந்த உம்மத்தை அழித்துவிடாதே என்று கேட்டது கிடைத்தது. வெள்ளத்தில் மூழ்கடித்து அழித்துவிடாதே என்று கேட்டதும் கிடைத்தது. இவர்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொள்ளாதிருக்க வேண்டும் என்று கேட்டது கிடைக்கவில்லை. முஸ்லிம் ஷரீபில் உள்ள ஹதீது இது. இரண்டு ரகஅத்தும் நீண்ட துஆவும்! பிள்ளை செய்ததும் அதுவே அல்லவா? படைப்பினங்களில் மிக மேலானவர்கள் கேட்ட மூன்றில் ஒன்று நிறுத்தி வைக்கப்பட்டது. அதனால் அவர்கள் கேட்பதை நிறுத்திவிடவில்லை. இதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள். வேறெந்த விளக்கத்துக்கும் முன்னால் இதைச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு மற்றதைச் சொல்லலாம். அடியான் கேட்கும் துஆ ஒன்று இங்கேயே கிடைக்கிறது, அல்லது மறுமைக்குச் சேமிக்கப்படுகிறது, அல்லது அதற்குச் சமமான ஒரு தீங்கு அவனை விட்டு விலக்கப்படுகிறது என்று ஹதீது வந்திருக்கிறது. கேட்டேன், கிடைக்கவில்லை என்று அவசரப்பட்டு, சலித்துப்போய் விட்டுவிடாத வரையில் துஆ ஏற்கப்பட்டே வருகிறது என்றும் வந்திருக்கிறது. பிள்ளையின் வாயிலிருந்து வந்ததும் ஏறக்குறைய இதே சொல். ஆனால் அவன் சலித்தது பதினொரு வயதில். அந்த வயதுப் பிள்ளைக்கு இந்த ஹதீதை எச்சரிக்கையாகச் சொல்வதைவிட, "உன் பங்கு இன்னும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது, நீதான் பாதியில் எழுந்து வந்துவிட்டாய்" என்று சொல்வது மேல்.

இன்னொன்றையும் அவனே யோசித்துப் பார்க்கட்டும். அன்று எதிர் அணியில் ஆடியவர்களில் கொனாத்தே, டெம்பெலே போன்ற முஸ்லிம் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பக்கத்திலும் அல்லாஹ்வை வணங்கும் நெற்றிகள் இருந்தன. அவர்களுக்காகக் கையேந்தும் வீடு ஒன்று இருந்திருக்காது என்று யாரால் சொல்ல முடியும்? ஒரு பந்தை இரண்டு பக்கத்து வலைக்குள்ளும் ஒரே நேரத்தில் விழச் செய்யும்படி கேட்கிறோம். நம் மனிதர்கள் சிலர் அந்த நாட்களில் ஆட்டத்தை பத்ரு என்றும், தோல்வியை உஹது என்றும் எழுதியது நமக்குச் சற்றும் பிடிக்கவில்லை. உஹதில் எழுபது ஷஹீதுகள் மண்ணில் கிடந்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகு மொராக்கோவின் ஹக்கீமியும் பிரான்சின் எம்பாப்பேயும் கட்டித் தழுவிச் சட்டையை மாற்றிக்கொண்டார்கள். ஒரே சங்கத்தில் ஆடிய நண்பர்கள் அவர்கள்.

பெருமானார் கேட்டும் நிறுத்தி வைக்கப்பட்ட அந்த மூன்றாவது விஷயம் நம்மை வேறொரு இரவுக்கு இட்டுச் செல்கிறது. அது கத்தாருக்கு இரண்டரை மாதம் முன்னால் வந்த இரவு. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில், மாலாங் மாவட்டத்துக் கஞ்சுருஹான் விளையாட்டரங்கம். 2022 அக்டோபர் 1. மாலாங்கின் அரெமா அணியும் சுரபயா நகரத்தின் பெர்செபயா அணியும் மோதின. இரண்டும் பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் ஊர்கள். ஒரே கிப்லாவை நோக்கும் அந்த ரசிகர்களுக்கிடையில் பகை எவ்வளவு முற்றியிருந்ததென்றால், சுரபயா ரசிகர்களை அன்று அரங்கத்துக்குள்ளேயே அனுமதிக்கவில்லை. அரெமா 3-2 என்று தோற்றது. சொந்த மண்ணில் அந்த எதிரியிடம் 23 ஆண்டுகளாகத் தோற்காதிருந்த அணி அது. ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள். வென்ற அணியைக் காவல்துறையின் கவச வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. மைதானத்தில் மட்டுமின்றி, மக்கள் உட்கார்ந்திருந்த படிக்கட்டுகளை நோக்கியும் காவலர்கள் கண்ணீர்ப்புகைக் குண்டுகளைச் சுட்டார்கள். விளையாட்டரங்கத்துக்குள் அதைக் கொண்டுபோகவே கூடாதென்பது உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதி. கண்ணும் மூச்சும் எரிந்த மக்கள் வாசல்களுக்கு ஓடினார்கள். வாசல்கள் குறுகல்; சில சரியாகத் திறந்திருக்கவுமில்லை. 135 பேர் மாண்டார்கள். பெற்றோருடன் ஆட்டம் பார்க்க வந்த குழந்தைகளும் அதில் உண்டு.

மாண்டவர்கள் மீது நாம் குற்றம் சுமத்தவில்லை. அவர்களில் மிகப் பலர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தவர்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். புகையைச் சுட்டவர்களும், கூட்டத்துக்கு வாசலைத் திறந்து வைக்காதவர்களும் சொல்ல வேண்டிய கணக்கு தனியாக இருக்கிறது. நாம் சொல்ல வருவது, தோல்விக்குப் பிந்திய முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி. கப்ரடியில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்மணிக்குப் பெருமானார் அவர்கள், ஸபுர் என்பது முதல் அடி விழும் வேளையில் இருக்க வேண்டியது என்று உணர்த்தினார்கள். நாலு நாள் கழிந்தால் எல்லோருக்கும் மனம் ஆறிவிடும். முதல் வேளையில்தான் ஒருவன் தொலைக்காட்சிப் பெட்டியை உடைக்கிறான், மனைவி மக்கள் மீது பாய்கிறான், தெருவில் இறங்குகிறான். கோபம் வந்தவன் நின்றிருந்தால் உட்காரட்டும் என்ற நபிமொழி எவ்வளவு எளிய மருந்து! ஒவ்வொரு வீட்டிலும் ஆட்டம் முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு ஒளூச் செய்ய எழுப்பிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

கஞ்சுருஹானுக்குப் பிறகு நடந்ததையும் எழுதாமல் விடக்கூடாது. ஆண்டாண்டுக் காலம் பகைத்திருந்த சுரபயா ரசிகர்கள் ஒன்றுகூடி மாலாங்கின் மையித்துகளுக்காக துஆச் செய்தார்கள். அந்த துஆ ஒரு வாரம் முந்தி நடந்திருக்கக் கூடாதா என்று நமக்குத் தோன்றியது. தோன்றியதும் நாவை அடக்கிக்கொண்டோம்.

அடக்கியதற்குக் காரணம் உண்டு. 'அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே' என்ற பேச்சு ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறந்துவிடும் என்று ஹதீதில் வந்திருக்கிறது. தோற்ற அணியின் ரசிகர்களுக்கு இதுவே இரவும் பகலும் திக்ரு. அந்தப் பந்து கம்பத்தில் படாமல் இருந்திருந்தால், நடுவர் பார்த்திருந்தால், இவனுக்குப் பதில் அவனை ஆட விட்டிருந்தால்! பேச்சு இப்படியே போய் கடைசியில் ஒரு மனிதன் தலையில் வந்து விழுகிறது. 1950 ஜூலை 16 அன்று பிரேஜில் நாட்டு ரியோ நகரத்து மரக்கானா அரங்கில் உலகக் கோப்பையின் முடிவான ஆட்டம் நடந்தது. பிரேஜிலுக்குச் சமநிலை கிடைத்தாலே போதும். முதல் கோலும் அவர்களுடையதே. ஆனால் உருகுவே 2-1 என்று வென்றுவிட்டது. சொந்த நாட்டார் ஒன்றே முக்கால் லட்சம் பேர் வாயடைத்து நின்றார்கள். இரண்டாவது கோலைத் தடுக்கத் தவறியவர் பார்போஸா என்ற கறுப்பினக் கோல்காவலர். அந்த நாட்டார் அவரை மன்னிக்கவேயில்லை. தம் நாட்டில் எந்தக் குற்றத்துக்கும் முப்பது ஆண்டுதான் உச்ச தண்டனை, தாமோ ஐம்பது ஆண்டாக அனுபவிக்கிறோம் என்ற கருத்தில் அவர் முதுமையில் சொன்னார். 2000-ஆம் ஆண்டு மரணமடைந்தார். கொலைகாரனுக்குக்கூடக் கிடைக்கும் விடுதலை, ஒரு பந்தைத் தவறவிட்டவருக்குக் கிடைக்கவில்லை.

அதே இரவில் வென்ற உருகுவே அணியின் தலைவர் வரேலா, தம்மவரோடு கொண்டாடாமல், ரியோ நகரத்து மதுக்கடைகளில் அழுதுகொண்டிருந்த தோற்ற நாட்டு ரசிகர்களோடு போய் உட்கார்ந்து இரவைக் கழித்தார். உட்கார்ந்த இடம் நமக்கு உவப்பானதல்ல. ஆனால் சகோதரனுக்கு வந்த துன்பத்தைக் கண்டு மகிழ்ச்சி காட்டாதே என்று ஓதிக் கேட்டிருக்கும் நம்மவர்கள், எதிர் அணி தோற்ற இரவில் அவர்கள் தெருவில் போய் வெடி வெடிப்பதை எண்ணும்போது, நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இரண்டொரு மஸ்அலாவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். பல வீடுகளிலிருந்து கேட்கிறார்கள். தோற்ற ஆத்திரத்தில் 'வல்லாஹி, இனி ஆட்டமே பார்க்க மாட்டேன்' என்று மனமறிந்து சத்தியம் செய்தவர் பிறகு பார்த்தால், கப்பாரா அவர் மீது கடமையாகும். பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ கொடுக்க வேண்டும். அதற்கு வழியில்லாதவர் மூன்று நோன்பு நோற்க வேண்டும். 'இந்த அணி தோற்றால் என் மனைவிக்குத் தலாக்' என்று விளையாட்டாகச் சொல்பவர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு நடுங்கினோம். தலாக்கில் விளையாட்டுப் பேச்சே கிடையாது. அப்படி வாய்தவறியவர் இந்தப் பக்கத்தை வைத்து முடிவு செய்யாமல், அன்றே ஆலிம் ஒருவரிடம் நேரில் போக வேண்டும். பணம் வைத்துப் பந்தயம் கட்டித் தோற்றவர் கேட்க வேண்டியது ஆறுதல் அல்ல, தௌபா.

அம்மையாரே, பிள்ளையை இன்று இரவே உட்கார வைத்து இவ்வளவையும் ஓதிவிட வேண்டாம். அள்பாவின் கதையை மட்டும் முதலில் சொல்லுங்கள், அதுவும் சோறு போடும்போது. ஸஹாபாக்களுக்கும் வருத்தம் வந்தது என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். பனூ முஆவியாப் பள்ளியின் செய்தியை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். துஆவின்போது அவன் கையைப் பிடித்துத் தூக்கிவிடாதீர்கள்; உங்கள் கையை அவன் பார்க்கிற இடத்தில் வைத்துக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவன் வாப்பாவுக்கும் இந்தப் பக்கத்தை அனுப்பி வையுங்கள். அந்த அணி 2022 டிசம்பர் 20 அன்று ரபாத் நகரம் திரும்பியபோது, தெருவெல்லாம் மக்கள் திரண்டு வரவேற்றார்கள் என்பதையும், மன்னர் ஆட்டக்காரர்களை அவர்களுடைய உம்மாமாருடன் அரண்மனைக்கு அழைத்தார் என்பதையும் பிள்ளையிடம் சொல்லலாம். அவனுக்கு அது ஏற்கனவே தெரிந்திருக்கவும் கூடும்.

அவனுக்கு இன்னும் கேட்க வேண்டியது இருந்தால் அவனே எழுதட்டும், நாமே பதில் எழுதுவோம். மொராக்கோ அடுத்து எப்போது ஆடுகிறது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். மதரஸாவில் அன்று பாடத்தைக் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கலாம் என்றிருக்கிறோம்.

வஸ்ஸலாம்.